பிரின்சியின் கிணறு

கிணற்றுக் கப்பி எண்ணெய் காணாமல் கிறீச்சிடுகிற சத்தம், ராச்சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, தெரு நாய்கள்கூட அடங்கிப்போன நேரத்தில், எங்கள் வீட்டுக்குள்ளிருந்தே கேட்டது. எங்கள் தெருவில் கிணறு கிடையாது. கரிசலைத் தோண்டிய இடத்திலெல்லாம் வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர்தான் வந்தது என்றும், தோண்டியவர்களே மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள் என்றும் சொல்வார்கள். அதனால் அந்தச் சத்தத்தை நான் கான்வென்ட் விடுதியில் இருந்த காலத்தில் கேட்டதோடு சரி, இருந்தாலும் கேட்ட மாத்திரத்தில் அது என்னவென்று தெரிந்துவிட்டது, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே மகளின் அறைக் கதவைத் தள்ளினேன். கட்டில் சுவரோரமாக ஒதுங்கியிருந்தது. படிக்கிற மேசை அலமாரியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. நடுவில், சிவப்புச் சிமெண்டுத் தரை இருந்த இடத்தில், பாசி பிடித்த கைப்பிடிச் சுவரோடு ஒரு கிணறு இருந்தது, மேலே ஃபேன் மாட்டுகிற கொக்கியில் கப்பி தொங்கித் தானாகவே சுற்றிக்கொண்டிருந்தது, என் மகள் பிரின்சி காலை மடக்கிச் சுவர்மேல் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப வந்துச்சு இது?" என்று கேட்டேன்.

"ரொம்ப நாளா இருக்கும்மா," என்றாள், திரும்பாமலே. "உனக்கு இன்னைக்குத்தான் கேட்டிருக்கு."

அவள் பதினோராம் வகுப்பில் சேர்ந்து கொஞ்ச நாளிலேயே சாப்பாட்டைத் தள்ள ஆரம்பித்திருந்தாள். பிறகு தலை சீவுவதை விட்டாள், பிறகு பள்ளிக்கூடத்தை, பிறகு பேச்சை. நான் அதைச் சோம்பேறித்தனம் என்றேன், செல்போன் என்றேன், போனைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் வைத்தேன், வயசுப் பிள்ளைகள் இப்படித்தான் என்று என் அம்மா சொன்னதை நம்பினேன், மனசைத் தளரவிடுவது ஆண்டவருக்குச் செய்கிற துரோகம் என்று விடுதியில் எங்களுக்குச் சொல்லித் தந்த பெனடிக்டா சிஸ்டரின் குரலிலேயே அவளுக்கும் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். பதினெட்டில் எனக்குக் கல்யாணம், மறு வருசமே இவள். தெருவில் பாதிப் பேர் எங்களை அக்கா தங்கச்சி என்று கேலி செய்வார்கள். தங்கச்சியின் மனசு அக்காவுக்குத் தெரியாமலா போகும் என்று ஒரு திமிர் எனக்கு இருந்தது.

வீட்டுக்காரர் ஞானராஜ் தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு வடக்கே லாரி ஓட்டிப் போயிருந்தார். போன் போட்டுச் சொன்னேன்.

"கிணறா? நம்ம வீட்டுலயா?" என்றார். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினார். "தண்ணி கெடக்கா?"

"கெடக்கு."

"உப்பா, நல்ல தண்ணியா?"

"பிள்ள அதோட விளிம்புல உக்காந்திருக்குங்க."

"சரி, எறங்கச் சொல்லு. மொதல்ல ஒரு வாய் குடிச்சுப் பாரு செலினு, நல்ல தண்ணின்னா விட்டுறாத."

விடிந்ததும் எதிர்வீட்டு மாரித்தங்கம் அக்கா கோலப்பொடிக் கிண்ணத்தோடு எட்டிப் பார்த்தாள், உள்ளே வந்தாள், கிணற்றைப் பார்த்தாள், ஆச்சரியப்பட நேரமில்லாதவள் மாதிரி என் சமையல்கட்டிலிருந்து ஒரு செம்பை எடுத்துக் கயிற்றில் கட்டி இறக்கினாள். "யாத்தே," என்றாள் குடித்துவிட்டு, "கல்கண்டு கரைச்ச மாதிரி இருக்கே தாயி." அவள் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் குடங்கள் மோதிக்கொண்டன. நகராட்சிக் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று நகராட்சிக்கே தெரியாத ஊர் இது. தண்ணி லாரி வந்தால் கைக்குழந்தையைத் தரையில் போட்டுவிட்டு ஓடுகிற தெரு இது. அங்கே ஒரு வீட்டுக்குள் நல்ல தண்ணீர்க் கிணறு வந்துவிட்டால் யாரும் ஏன் வந்தது என்று கேட்பதில்லை, எத்தனை குடம் என்றுதான் கேட்கிறார்கள். தாகம் என்று வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்பாதே, அவர்களில் ஒருவர் இயேசுவாக இருப்பார் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். நானும் கதவை அகலத் திறந்துவைத்தேன். அன்றைக்குத் திறந்த கதவு பிறகு சாத்தப்படவே இல்லை.

பழகிப்போக ஊருக்கு அதிக நாள் ஆகவில்லை. வார்டு மெம்பர் செண்பகராஜ் அண்ணாச்சி மோட்டார் கொண்டுவந்து இறக்கிப் பார்த்தார், அது வெறும் காற்றைத்தான் இழுத்தது, கையால் சேந்தினால் மட்டுமே தண்ணீர் வந்தது. சரி, சாமிக்குத்தம் எதற்கு என்று அவரே தெருவைப் பாதி பாதியாகப் பிரித்து, மேல்பாதிக்குக் காலையும் கீழ்பாதிக்குச் சாயங்காலமும் ஒதுக்கிவிட்டுப் போனார். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து ஜெபித்தார், அவர் நகர்ந்ததும் மாரித்தங்கம் அக்கா மஞ்சளும் குங்குமமும் தடவினாள், இரண்டுக்கும் கிணறு பேசாமல் இருந்தது. வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். கட்டிலில் சுருண்டு கிடக்கிற என் மகளின் தலைக்கு மேலே நாத்தனார் சண்டையையும் சீரியல் கதையையும் குழம்புப் பக்குவத்தையும் பேசிக்கொண்டே கயிற்றை இழுத்தார்கள், நடுவில் யாராவது, "ஏ, மெதுவா, பாப்பா தூங்குது," என்பார்கள், உடனே எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், அத்தனை மரியாதை. குடம் தளும்பித் தெறித்தால் அவள் போர்வையைத் தங்கள் முந்தானையாலேயே ஒற்றிவிடுவார்கள்.

"தூங்கலம்மா," என்றாள் ஒரு நாள் அவர்கள் போன பிறகு. "கண்ண மூடிக்கிட்டா சீக்கிரம் போயிருவாங்க, அதான்."

கிணற்றுக்கு ஒரு நியாயம் இருந்தது. அதை எனக்கு முன்னால் தெரு தெரிந்துகொண்டது. பிரின்சி இரண்டு இட்லி தின்ற நாளில் தண்ணீர் கீழே போய்விடும், கயிற்றுக்குக் கயிறு முடிச்சுப் போட வேண்டியிருக்கும். அவள் வாய்க்குள் ஒன்றும் போகாமல், கூப்பிட்டால் திரும்பாமல், நகத்தால் சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டு கிடக்கிற நாளில் தண்ணீர் மேலேறி வந்து கையாலேயே மொண்டுகொள்ளும்படி நிற்கும். இதை யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வாசல்படி ஏறும்போதே, "பாப்பா இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள், ஒருவர் விடாமல் கேட்பார்கள், என் பிள்ளையைப் பற்றி விசாரிக்க இத்தனை பேர் இருக்கிறார்களே என்று நினைத்து, "இன்னைக்குப் பரவால்லக்கா, ரெண்டு வாய் சாப்பிட்டா," என்று ஆசையாகச் சொல்வேன், அவர்கள் முகம் ஒரு நொடி வாடும், பிறகு பின்னால் நிற்பவளிடம் திரும்பி, "நீளக் கயிறு எடுத்துட்டு வரச் சொல்லு," என்பார்கள்.

எனக்குப் பயம் பிடித்தது. ராத்திரியில் அவள் கையையும் என் கையையும் சேர்த்து முந்தானையால் கட்டிக்கொண்டு படுத்தேன், செபமாலை மணி உருளும்போதெல்லாம் கப்பியோ என்று விழித்தேன், விழித்த ஒவ்வொரு தடவையும் அவளும் விழித்துத்தான் இருந்தாள். "உள்ள அப்படி என்னடி இருக்கு, அதையே பாக்குற?" என்று கேட்டேன். "ஒன்னும் இல்லம்மா," என்றாள். "அதான் நல்லா இருக்கு."

மறுநாளே பஸ் பிடித்து ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போனோம். தெருவில், கண்ணுக்குக் காட்டப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனேன். மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். கிணற்றைப் பற்றிச் சொன்னதும், "ஆழம் எவ்வளவு இருக்கும்?" என்றார், எழுதிக்கொண்டார். பிறகு நாற்காலியைப் பிரின்சி பக்கமாகத் திருப்பினார்.

"எறங்கிறலாம்னு தோணுதாம்மா?"

நான் பேச வாயெடுத்தேன். டாக்டரம்மா என்னைப் பார்க்காமலே கையைக் காட்டி நிறுத்தினார்.

"தோணும்," என்றாள் பிரின்சி.

"அப்படித் தோணும்போது யார்கிட்ட சொல்லுவ?"

"அம்மாகிட்ட சொல்லலாம்னு பாப்பேன். தண்ணி எடுக்க ஆளுங்க நின்னுக்கிட்டே இருப்பாங்க. அம்மா அவங்களுக்கெல்லாம் பின்னாடி நிப்பா."

டாக்டரம்மா மாத்திரை எழுதினார். உடனே கேட்காது, சில வாரம் ஆகும், பாதியில் நிறுத்தக் கூடாது, மாத்திரை உங்கள் கையில் இருக்கட்டும், பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், புத்தி சொல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள் என்றார். எழுந்து வாசல்வரை வந்து, "இது அவ வேணும்னு பண்றது இல்லம்மா. நீங்க வளத்த வளப்பும் இல்ல. காய்ச்சல் மாதிரி ஒன்னு. ஆனா காய்ச்சல் மாதிரி லேசா எடுத்துக்காதீங்க," என்றார். பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து நிஜமாகவே தூங்கினாள்.

மாத்திரை மெதுவாக வேலை செய்தது, ஒரு நாள் முன்னுக்கும் இரண்டு நாள் பின்னுக்குமாக. ஒரு காலையில் அவளே எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். சிக்கெடுத்துப் பின்னல் போட்டு முடிக்கும்வரை நான் மூச்சுவிடவில்லை. இன்னொரு நாள், "எல்லார் வீட்டுலயும் அட்டாச்டு பாத்ரூம் கட்டுறாங்க, எனக்கு மட்டும் அட்டாச்டு கிணறு," என்றாள், சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், அந்தச் சிரிப்புக்குக் கிணற்றுக்குள்ளே தண்ணீர் சடசடவென்று இறங்குகிற சத்தம் கேட்டது, வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தண்ணீருக்கு வந்தவர்களில் யாரோ மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டார்கள், அதற்குப் பிறகு எனக்குப் புத்தி சொல்லாத ஆள் கிடையாது. "மாத்திரை குடுத்துப் பிள்ளைய மந்தமாக்கிறாத தாயி." "மூளைக்குப் போற மருந்து, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வரும்போது கேக்க மாட்டாங்களா?" "அமைதியான பிள்ள. அமைதியா இருக்கிறது ஒரு சீக்கா?" செண்பகராஜ் அண்ணாச்சி வாசலில் நின்றபடியே, "ஊருக்கே தண்ணி வாக்குற குழந்தம்மா, அது மேல கைவைக்கலாமா?" என்றார். ஞானராஜ்கூடப் போனில், "பழகிப் போயிரும்ங்காங்க, பாத்துக் குடு," என்றார். நான் மாத்திரையை நிறுத்தவில்லை. எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு, ராத்திரி என் கையாலேயே அவள் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தேன், கிணற்றுத் தண்ணீர் இல்லை, கடையில் வாங்கின தண்ணீர்.

மாரித்தங்கம் அக்காவின் மகள் பெரியவளாகியிருந்தாள், சடங்குக்கு நாள் குறித்திருந்தார்கள். பந்தல் போட்டாயிற்று, தாய்மாமன் சீரோடு வருகிறான், சொந்தமெல்லாம் வந்து இறங்கியாயிற்று, லாரித் தண்ணீர் வரும் என்று சொன்னவன் வரவில்லை, எங்கள் கிணற்றிலோ கயிறு முழுக்க இறக்கினாலும் குடம் தரையைத் தட்டி டங்கென்றது. சடங்குக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் தனியாக வந்தாள். நான் அடுப்படியில் பிரின்சி ஆசைப்பட்ட முட்டைத்தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அக்காவின் குரல் கேட்டது, தாழ்ந்து, இதமாக, பிள்ளைக்குத் தாலாட்டுவது மாதிரி.

"உங்க அம்மா தூங்கி எம்புட்டு நாளாச்சு தெரியுமா தாயி? மூஞ்சியப் பாத்தியா அவளுக்கு? அக்கா தங்கச்சி மாதிரி இருந்தீங்க, இப்பக் கெழவி ஆயிட்டா. உங்க அப்பா ஏன் வீட்டுக்கே வரமாட்டேங்காருன்னு நீ நெனைக்க? கூடப் படிச்சதுங்க எல்லாம் பரீட்சைக்கு ஓடுது. நான் உன்னக் குத்தம் சொல்லல. நீ என்ன செய்வ, பாவம். உன்னால முடியல. அவங்களுக்குத்தான் பாரம்."

கரண்டியோடு ஓடினேன். பிரின்சி சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தாள். கிணற்றுக்குள்ளே தண்ணீர் பொங்கி ஏறுகிற சத்தம், பாலைப் பார்க்காமல் விட்டால் வருமே, அந்தச் சத்தம்.

"அக்கா, என்ன சொன்னீங்க அவகிட்ட?"

"ஒன்னும் சொல்லல செலினு. சும்மா பேசிக்கிட்டிருந்தேன்." அவள் என்னைப் பார்க்கவில்லை. அதற்குள் குடத்தை இறக்கியிருந்தாள். அவளும் ஒரு பெண்ணைப் பெற்றவள், அவள் கண்ணிலும் தண்ணீர் நின்றது, ஆனாலும் குடத்தை நிறைத்தாள், நிறைத்துவிட்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள், "வாங்கடி, வந்துருச்சு!"

தெருவே வந்தது. மேல்பாதி கீழ்பாதி என்ற வரிசையெல்லாம் அன்றைக்கு இல்லை. தண்ணீர் கைப்பிடிச் சுவர்வரை ஏறி, சுவரைத் தாண்டி வழிந்து, கட்டில் காலை நனைத்துக்கொண்டு ஓடியது. நான் குடங்களுக்கும் இடுப்புகளுக்கும் நடுவே புகுந்து கட்டிலில் ஏறி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். உடம்பு ஐஸாகக் குளிர்ந்திருந்தது. "பிரின்சி, அம்மாவப் பாரு. அந்தப் பொம்பள சொன்னது பொய்யி. எனக்கு நீ பாரம் இல்லடி," என்றேன். அவள் கண் திறந்துதான் இருந்தது. எனக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பினேன். நிறைகுடத்தோடு போன மாரித்தங்கம் அக்கா மறுபடி வந்திருந்தாள், தலைக்கு முந்தானையைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு சின்ன ஓலைப்பெட்டியோடு. அதைக் கிணற்றுச் சுவர்மேல் வைத்து மூடியைத் திறந்தாள். புதுச் சிவப்புச் சீட்டிப் பாவாடை ஒன்று மடித்திருந்தது, அதன்மேல் கருவளையல், ஒரு சீப்பு, உள்ளங்கை அளவில் முகம் பார்க்கிற கண்ணாடி. செய்த பாவத்துக்கு மன்னிப்புக் கேட்கிறாளாக்கும் என்று நினைத்தேன், கோபத்திலும் வாய் பழக்கத்துக்கு, "இதெல்லாம் எதுக்குக்கா? அவளுக்கு இது பத்தாது, குட்டியா இருக்கு," என்றேன்.

குடங்கள் மோதுகிற சத்தம் நின்றுவிட்டது.

"அது எனக்கு இல்லம்மா," என்றாள் பிரின்சி. "கன்னிக்கு வைக்கிறது."

"எந்தக் கன்னிக்கு?"

"கல்யாணம் ஆகாமச் செத்துப்போன பிள்ளைங்களுக்கு. வீட்டுல சாமியா வச்சுக் கும்பிடுவாங்க. மாரித்தங்கம் அத்தை வீட்டுலயும் ஒரு பெட்டி இருக்கு, பரண்ல. அவங்க நாத்தனார் கிணத்துல விழுந்தவங்க."

கன்னியாஸ்திரிகளிடம் வளர்ந்த எனக்கு இது தெரியாது. பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. பாவாடையைப் பார்த்தேன், கண்ணாடியைப் பார்த்தேன், அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டே, ஆனால் தெருவுக்கே பேசுகிறவள் மாதிரி சொன்னாள்: "தப்பா எடுத்துக்காத செலினு. நடந்த பிறகு வச்சா உக்கிரமா இருக்கும், தெருவையே காவு கேக்கும். முன்னக்கூட்டியே வச்சுட்டா குளுந்து போயிரும், தண்ணியும் நிலைச்சு நிக்கும்னு எல்லாரும் பேசி, சேந்து வாங்குனது. அவளுக்குக் கொறை வைக்க மாட்டோம் தாயி. வருசா வருசம் பொங்கல் வைப்போம்."

பின்னால் நின்றவர்கள் தலையாட்டினார்கள். எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள், என் மகளுக்கு அம்மை போட்டபோது வேப்பிலை பறித்துக் கொடுத்த கைகள். அவர்கள் கண்ணில் கெட்ட எண்ணமே இல்லை. என் பிள்ளையை எப்போதோ அனுப்பிவிட்டு, துக்கமும் ஆறி, வருசத் திதிக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெட்டியை எடுத்து மூடி அக்காவின் கையில் திணித்தேன். "வெளிய போங்க," என்றேன். முதலில் குரல் வரவில்லை, இரண்டாவது தடவை வந்தது. "எல்லாரும் வெளிய போங்க!"

"கிறுக்குப் பிடிச்சிருச்சா இவளுக்கும்? தண்ணி வழிஞ்சு வீணாப் போகுது!"

"ஏ செலினு, நாளைக்குச் சடங்குடி, பந்திக்குத் தண்ணி வேணும்டி!"

"தாகத்துக்குத் தண்ணி இல்லன்னு சொல்ற வீடா இது?" என்றாள் ஒருத்தி, நிஜமாகவே மனம் நொந்து. அந்த வார்த்தை எங்கே போய்க் குத்தும் என்று அவளுக்குத் தெரியாது. குத்தியது. ஆனாலும் பிரின்சியைக் கட்டிலிலிருந்து எழுப்பி, அவள் மணிக்கட்டை விடாமல், இன்னொரு கையால் நிறைகுடங்களைத் தள்ளினேன், இடுப்புகளைத் தள்ளினேன், தண்ணீரில் வழுக்கி எழுந்து மறுபடியும் தள்ளினேன். மண்டியிட்டு ஜெபித்து வளர்ந்த வாயில் வராத வார்த்தைகளெல்லாம் வந்தன. கடைசியாக நிலைப்படியைத் தாண்டியது மாரித்தங்கம் அக்கா, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, "உன் நல்லதுக்குத்தான் தாயி," என்றாள். அவள் முகத்துக்கு நேரே வாசல் கதவைச் சாத்தினேன்.

வெளியே குடத்தின் வாயால் கதவில் இடித்தார்கள். உள்ளே, எங்களுக்குப் பின்னால், தண்ணீர் தளும்பித் தளும்பிச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது, கப்பி தானாகச் சுற்றியது, ஈரம் எங்கள் காலைத் தொட்டது. இந்தக் கிணறு நாளைக்கும் இருக்கும் என்று எனக்குத் தெரியும், நாளை மறுநாளும் இருக்கும், மாத்திரையும் பஸ்ஸும் டாக்டரம்மாவும் நானும் சேர்ந்தாலும் அது எப்போது தூரும் என்று சொல்ல யாராலும் முடியாது. அத்தனை நாள் திறந்தே கிடந்த கதவில் தாழ்ப்பாள் துருவேறி நகராமல் இருந்தது. ஒற்றைக் கையால் கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டு இழுத்துப் பார்த்தேன், நகரவில்லை, உள்ளங்கை கிழிந்தது, அவளைப் பிடித்திருந்த மறு கையை எடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. பிரின்சி என் கிழிந்த கையைப் பார்த்தாள். நனைந்த பாவாடையோடு குனிந்து, நான் பிடிக்காமல் விட்டிருந்த ஒற்றைக் கையை என் கைக்கு மேலே வைத்து அழுத்தினாள், கீழ்த் தாழ்ப்பாள் குழிக்குள் இறங்கியது.

வெளியே இடிப்பது நிற்கவில்லை. அவள் தலையை உயர்த்திக் கதவின் உச்சியைப் பார்த்தாள்.

"மேல உள்ளதையும் போடும்மா," என்றாள்.

இரண்டு பேரும் எக்கிப் போட்டோம்.